இளம் வயதில் ஸ்டார்ட்அப்பில் சம்பாதித்து சூப்பர்கார் வாங்கியதாகப் படம் போடுகிறவர்களை இணையத்தில் யாரும் நம்புவதில்லையே, அந்தச் சந்தேகம் சரியா?

சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் சந்தேகப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ சந்தேகப்படுகிறார்கள் என்பதுதான் என் எண்ணம். கார் பைத்தியம் பிடித்த எவரையும் போல நானும் இந்தப் படங்களுக்குக் கீழே வரும் கருத்துகளை விடாமல் வாசிக்கிறவன். "வாடகை வண்டி", "அப்பா காசு" என்ற இரண்டும் எப்படியும் வந்துவிடும்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் மதிப்பு பத்து கோடி டாலர் என்று செய்தி வந்தால், நிறுவனர் கையில் பெரும் பணம் புழங்குகிறது என்று அர்த்தமில்லை. முதலீட்டாளர் கடைசியாகக் கொடுத்த பங்கு விலையை மொத்தப் பங்குகளோடு பெருக்கினால் வரும் எண் அது, அவ்வளவுதான். அந்தப் பங்கை வாங்க ஆள் கிடைக்க வேண்டும், விற்க ஒப்பந்தம் இடம் கொடுக்க வேண்டும். பங்குச் சந்தைக்கு வந்த பிறகும்கூட நிறுவனர்கள் வழக்கமாக 180 நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். அதனால் முதலீடு கிடைத்த செய்தியும் கார் படமும் ஒரே வாரத்தில் வந்தால், காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

நிறுவனத்தையே ரொக்கத்துக்கு விற்றால் கதை வேறு. 1999-இல் காம்பேக் என்ற கணினி நிறுவனம், எலான் மஸ்க் தம்பியோடு சேர்ந்து தொடங்கிய ஜிப்2 நிறுவனத்தைச் சுமார் 30 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் மஸ்கின் பங்கு 2.2 கோடி டாலர். அப்போது அவருக்கு 27 வயது. சுமார் பத்து லட்சம் டாலருக்கு மெக்லாரன் எஃப்1 என்ற சூப்பர்காரை வாங்கினார். வண்டி வீட்டுக்கு வந்து இறங்கியதை சிஎன்என் படம் பிடித்தது.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். கார்டன் மர்ரே வடிவமைத்தது, மொத்தமே 106 வண்டிகள். பிஎம்டபிள்யூ வி12 என்ஜின், 600-க்கும் மேல் குதிரைத்திறன். ஓட்டுநர் இருக்கை நட்ட நடுவில். பிரேக் போடும்போது சக்கரம் இறுகிவிடாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் வசதி) கிடையாது, பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. ஓட்டுகிறவரின் கையையும் காலையும் மட்டுமே நம்பிச் செய்த கார். 2000-இல் மஸ்க், தொழில் கூட்டாளியான பீட்டர் தீலை ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவின் சாண்ட் ஹில் சாலையில் போகும்போது அதை மோதிச் சேதப்படுத்தினார். காப்பீடும் எடுத்திருக்கவில்லை. பணம் உண்மை, கார் உண்மை. அந்த வண்டியை அடக்கி ஓட்டும் பழக்கம் அவருக்கு வந்திருந்ததா என்பதுதான் அங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நேர் எதிரான ஆள், குரோவேஷியாவில் மின்சார சூப்பர்கார் செய்யும் மேட் ரிமாக். பதின்வயதில் ஒரு பழைய 1984 பிஎம்டபிள்யூவைப் பந்தயத்தில் ஓட்டினார். என்ஜின் வெடித்ததும் அதையே மின்சாரக் காராக மாற்றினார். அவர் 2009-இல் தொடங்கிய நிறுவனம் 2021-இல் புகழ்பெற்ற சூப்பர்கார் நிறுவனமான புகாட்டியோடு கைகோத்தது. இங்கே கார் ஆசை முதலில் வந்தது, பணம் அப்புறம்தான் வந்தது.

காரை நேசிக்கிறவரை எப்படிக் கண்டுபிடிப்பது? பேச்சிலேயே தெரிந்துவிடும். ஃபெராரி எஃப்355-இல் டைமிங் பெல்ட் (என்ஜினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க உதவும் பட்டை) மாற்ற என்ஜினையே கழற்றி இறக்க வேண்டும். அந்த வண்டியை வைத்திருப்பவர் இதைப் பற்றிப் புலம்பாமல் இருக்கவே மாட்டார். டயர் எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது, கிளட்ச் எப்போது மாற்றியது, எந்த வளைவில் பின்பக்கம் வழுக்கியது என்றெல்லாம் கேட்காமலே சொல்வார். விலையையும் நிறத்தையும் தாண்டி எதுவும் வராவிட்டால், கார் அவருடையதாகவே இருந்தாலும் எனக்கு அந்தப் பதிவில் ஆர்வம் இல்லை. தவணையில் வாங்கினாரா, லீஸா என்பதெல்லாம் அவர் பாடு. பணக்காரர்களும் லீஸில் எடுக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு இடத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். காருக்குப் பக்கத்தில் நின்று, "நானும் இப்படித்தான் சம்பாதித்தேன், என் வகுப்பில் சேருங்கள்" என்று சொன்னால், அங்கே கார் ஒரு விளம்பரப் பலகை. படம் எடுப்பதற்காகவே சில மணி நேரத்துக்கு வண்டி வாடகைக்குக் கிடைக்கும். அப்போது ஆர்சி யார் பெயரில் இருக்கிறது என்று துருவுவதில் நேரத்தைப் போக்க வேண்டாம். அவர் நடத்திய நிறுவனம் எது, அதை யார் வாங்கினார்கள், வருமானம் வகுப்புக் கட்டணத்திலிருந்து வருகிறதா தொழிலிலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.