பேத்தை மீனின் முகம்

அன்புள்ள அக்கா,

போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அமெரிக்க ஓவியர் ஸ்காட்டி யங்கின் 'ஐ ஹேட் ஃபேரிலேண்ட்' காமிக்ஸின் முதல் தொகுதியை வாங்கினேன். லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவன், ஆசையாகத்தான் திறந்தேன். மிட்டாய்க் கடை மாதிரி கலர், குண்டுக் கன்னம், பெரிய பெரிய கண். பக்கத்தைப் புரட்டினால் கோடாலியும் ரத்தமும். என் தங்கை மகளுக்குப் பத்து வயது. அட்டையைப் பார்த்ததும் "மாமா, இது எனக்கு" என்று தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். பிடுங்குவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. குழந்தை முகத்தை வரைந்து, அதைக் கொலை செய்யவைத்து, நம்மைச் சிரிக்கச் சொல்வது என்ன ரசனை? ஓவியம் அவ்வளவு நன்றாக இருப்பதுதான் எனக்கு இன்னும் கோபம்.

தொண்டியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் பாப்பா விஷயம். நீங்கள் பிடுங்கி வைத்தது சரி. அது பெரியவர்களுக்கான காமிக்ஸ். அந்த அட்டைக்கு எந்தப் பிள்ளையும் கை நீட்டும் என்று தெரிந்தும் அதை எழுதாமல் விட்டது என் தப்பு.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கெர்ட்ரூட் என்ற சின்னப் பெண் தேவதை உலகத்துக்குப் போக ஆசைப்படுகிறாள், போயும் விடுகிறாள். வீடு திரும்ப ஒரு சாவியைத் தேடி எடுக்கவேண்டும். சீக்கிரம் முடியவேண்டிய தேடல் 27 வருடம் இழுத்துவிடுகிறது. மனசுக்கு வயதாகிவிட்டது, உடம்பு ஆறு வயதிலேயே நிற்கிறது. பச்சை முடி, கையில் பெரிய கோடாலி, கூடவே வழிகாட்டியாக லாரி என்று ஒரு ஈ.

உங்கள் ஊரில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடியை மணலில் கொட்டியதும் சாளைக்கும் காரலுக்கும் நடுவில் ஒரு பேத்தை கிடக்கும். உருண்டைக் கண், சின்ன வாய், வெளியே தெரியும் பல். கைக்குழந்தை முகம்தான். வயிற்றில் விரலால் தட்டினால் பந்து மாதிரி உப்பும். பாம்பனில் நாங்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருப்போம். பெரியவர் யாராவது வந்து "தொடாதீங்க, விஷம்" என்று அதட்டி, வாலைப் பிடித்துத் தூக்கி எறிவார். அதன் ஈரலிலும் சினையிலும் ஆளைக் கொல்லும் விஷம். அந்த நாலு பல்லும் நண்டு ஓட்டை நொறுக்கிவிடும். இதெல்லாம் தெரிந்த பிறகும் அந்த முகத்தின் அழகு எனக்குக் குறையவில்லை. முன்பைவிட நெருங்கிக் குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். யங்கின் ஓவியத்தையும் நான் அப்படிக் குனிந்துதான் பார்க்கிறேன்.

அழகாக வரைந்தே பேர் வாங்கியவர் அவர். மார்வெல் நாயகர்களைக் கைக்குழந்தைகளாக்கி அவர் வரைந்த அட்டைகள் பிரபலம். அதோடு, எரிக் ஷானோவர் எழுத, 'ஓஸ்' கதைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து காமிக்ஸாக வரைந்தார். 2010இல் அதற்கு, காமிக்ஸுக்கென்றே தரப்படும் ஐஸ்னர் விருது கிடைத்தது. ஓஸ் என்ன கதை? தெரியாத உலகத்தில் மாட்டிக்கொண்ட டோரதி வீடு திரும்பும் கதை. அவள் திரும்பியும் விடுகிறாள். அவளை அத்தனை பக்கம் வரைந்தவர் 2015இல் தன் சொந்தக் கதையைத் தொடங்கும்போது வீடு திரும்ப முடியாத பெண்ணை வரைகிறார். ஓஸுக்கு வண்ணம் தீட்டிய ழான் பிரான்ஸ்வா பொலியுவே இதற்கும் தீட்டுகிறார். அதனால்தான் அந்த மிட்டாய்க் கலர் பொய்யாகத் தெரிவதில்லை. இரண்டு பேரும் அந்த உலகத்தை மனசார நேசித்துச் செய்தவர்கள்.

முதல் இதழில் வரும் நிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணும் வாயும் வைத்த நிலா, கெர்ட்ரூடின் கதையை நமக்கு இனிக்க இனிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவள் பீரங்கியால் அதைச் சுட்டுவிடுகிறாள். நான் வாய்விட்டுச் சிரித்த இடம் அது. ஏன் சிரித்தேன் என்று அப்புறம் யோசித்தேன். 27 வருடமாக ஒருத்தி தவிக்கிறாள், அதை மேலே உட்கார்ந்து ஒருவர் அழகான கதையாகச் சொல்கிறார் என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? புயலுக்கு மறுநாள் நம் கரைக்கு வந்து 'கடல் எவ்வளவு அழகு' என்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் நமக்கு வருமே, அந்த ஆத்திரம். அந்தக் குண்டு எனக்காகவும் வெடித்த மாதிரி இருந்தது.

வசவுகளைக் கவனித்தீர்களா? கெட்ட வார்த்தை வரவேண்டிய இடத்தில் 'ஃப்ளஃப்' என்கிறாள், 'ஹக்' என்கிறாள். பஞ்சு, கட்டிப்பிடி! கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாலும் வாயிலிருந்து வருவது பஞ்சு. என் அம்மா விளக்கு வைக்கும் நேரத்தில் திட்டமாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு "நீ நல்லாயிருப்படி" என்பார். அந்த 'நல்லாயிருப்ப'வுக்கு நாங்கள் பயந்த மாதிரி வேறு எந்த வசவுக்கும் பயந்ததில்லை. இந்தத் தொடரைத் தமிழில் கொண்டுவருகிறவர் அகராதியை மூடிவைத்துவிட்டு அம்மாக்களிடம்தான் போகவேண்டும்.

அடிதடியைப் பார்த்துச் சிரிப்பது நமக்குப் புதிதில்லை. தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஒருவரையொருவர் மொத்தும்போது கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்கூடச் சிரிப்பாள். விளக்கொளியில் மின்னும் தோல் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வெட்டுக்கு மேல் வெட்டாக அடுக்கிக்கொண்டே போகும் சில பக்கங்களில் ரத்தம் வெறும் ரத்தமாக நின்றுவிடுகிறது. அங்கே எனக்கும் அலுத்தது. அந்தப் பக்கங்களைப் பொறுத்தவரை நான் உங்கள் கட்சி.

மற்றபடி இந்தக் கதையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு என் பாட்டி ஒரு காரணம். தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22ஆம் தேதி ஒரு காரியத்துக்காக ராமேஸ்வரம் போனவர், அன்று ராத்திரி உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டார். அந்த ராத்திரிதான் புயல். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது. ஊர் போனது, வீடும் போனது. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. வீட்டுச் சாவி மட்டும் பாட்டியின் சுருக்குப்பையில் இருந்தது. வெற்றிலை எடுக்கக் கையை விடும்போதெல்லாம் சாவியும் கூட வரும். அதைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "பூட்டிட்டுத்தானடி வந்தேன், கடலு எப்படி உள்ள போச்சு?"

சொல்லிவிட்டுச் சிரிப்பார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். பக்கத்து வீட்டு அத்தை ஒருவர் மட்டும் "செத்தவங்களை வச்சுச் சிரிக்கலாமா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த அத்தை ஞாபகம்தான் வந்தது. அவர் கேட்டதும் நியாயம். அவர் தம்பியும் அந்த ரயிலில் போனவர். ஆனால் பாட்டி செத்தவர்களை வைத்துச் சிரிக்கவில்லை, தம்பி. கதவு இல்லாத சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு மிச்ச ஆயுசை ஓட்டவேண்டியிருந்ததே, அதை நினைத்துச் சிரித்தார்.

கெர்ட்ரூடுக்குக் கதவு இருக்கிறது, சாவி இல்லை. அவள் வெட்டிச் சாய்த்துவிட்டு நிற்கும் படங்களில் கோடாலியை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே, வாய் ஓரத்தில், ஆறு வயது முகத்தில் இருக்கக்கூடாத அலுப்பு ஒன்று இருக்கும். யங் அதை நாலைந்து கோட்டில் கொண்டுவந்துவிடுகிறார். அப்புறம் தேவதை உலகத்தின் ராணி இன்னொரு சிறுமியை வரவழைக்கிறாள். பெயர் ஹாப்பி, தங்கமான பிள்ளை. அவளைப் பார்க்கும்போது கெர்ட்ரூட் தான் எப்படி இருந்தோம் என்பதையும் பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது.

முதல் 20 இதழ்களைப் பெரும்பாலும் யங்கே வரைந்தார். 2022இல் மறுபடி தொடங்கியபோது பிரெட் பீன் வரைந்தார். யங் வரைந்ததை முதலில் முடித்துவிடுங்கள். ஹாப்பி வரும் இடம்வரை படித்த பிறகும் கோபம் போகவில்லை என்றால் இன்னொரு கடிதம் எழுதுங்கள், அதையும் போடுகிறேன். புத்தகத்தை மட்டும் பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அன்புடன்,
அக்கா