நாய்க்குட்டியைக் கூண்டில் விட்டால் இரவெல்லாம் கத்துகிறதே, இது பாவமா?

3 மாதக் குட்டி, கூண்டில் விட்டால் ராத்திரி முழுக்கக் கத்துகிறது, அடைத்து வைப்பது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ பாவம் என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அது மாமியார். "வாயில்லா ஜீவனை ஜெயில்ல போட்டுட்டு உனக்கு எப்படிம்மா சோறு இறங்குது?" என்றார். சொல்லிவிட்டு நான் சுட்ட தோசையில் நான்கு சாப்பிட்டார்.

அப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தோம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் படகு நிழலில் கிடந்த நாட்டுக்குட்டி. செம்பட்டை நிறம் என்பதால் சங்கரா என்று பெயர் வைத்தோம். மீன் பெயர்தான். சாமி பெயர் என்று மாமியார் இன்றும் நம்புகிறார், நாங்களும் திருத்தவில்லை.

முதல் தப்பு என்னுடையது. ஸ்கூல் யூனிஃபார்ம் எடுப்பது மாதிரி, வளர்ந்தாலும் பத்தட்டும் என்று வெல்டிங் பட்டறையில் நாலடி நீளக் கூண்டு அடிக்கச் சொன்னேன். சங்கரா ஒரு மூலையில் படுத்தான், எதிர் மூலையில் ஒன்றுக்குப் போனான். படுக்கிற இடத்தை நாய் அசிங்கம் செய்யாது என்பதை வைத்துத்தான் இந்தக் கூண்டுப் பழக்கமே நடக்கிறது. எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும் என்று கால்நடை டாக்டர் சொன்னார். குறுக்கே ஒரு பிளைவுட் துண்டைச் செருகினேன், சரியாகிவிட்டது.

இரண்டாவது தப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. செருப்பைக் கடித்தால் உள்ளே தள்ளிப் பூட்டினேன். பத்தே நாளில், கூண்டைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிய ஆரம்பித்தான். தண்டனைக்கென்று கூண்டை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து. கதவைக் கயிறு போட்டுத் திறந்தபடியே கட்டிவைத்தேன். வீட்டுக்காரருடைய பழைய கைலியை உள்ளே விரித்தேன். சோற்றுத் தட்டை முதலில் வாசலில், பிறகு தினமும் ஒரு சாண் உள்ளே. மாமியார் எனக்குத் தெரியாமல் நெத்திலிக் கருவாட்டை உள்ளே எறிந்தார், அவன் பாய்ந்து போனான். ஆனால் அந்த உப்பு நாய்க்கு ஆகாது, உப்பில்லாமல் வேகவைத்த ஈரல் கொடுங்கள். சாப்பிடும்போது ஒரு நிமிடம் கதவைச் சாத்தித் திறந்தேன், பிறகு ஐந்து நிமிடம். இப்படியே மூன்று வாரம் போனது.

ராத்திரி கத்துவதற்கு வருகிறேன். 3 மாதக் குட்டி தோராயமாக மூன்று நான்கு மணி நேரம்தான் அடக்கும். இரண்டு மணிக்கு அலாரம் வைத்து வெளியே தூக்கிப் போங்கள். கொஞ்சாதீர்கள், விளையாடாதீர்கள், ஒன்றுக்குப் போனதும் திரும்ப உள்ளே. கூண்டு உங்கள் கட்டிலை ஒட்டியே இருக்கட்டும். ஹாலில் தனியாக வைத்தால் கத்தத்தான் செய்யும். சும்மா முனகினால் ஒரு நொடி அடங்கும்வரை பொறுத்து அப்போது திறங்கள். தொண்டை கிழியக் கத்தவிட்டுக் கதவை மூடிக்கொண்டு தூங்கும் ஆள் நான் இல்லை.

ஸ்வீடனில் நாயைக் கூண்டில் பூட்டச் சட்டமே விடாது என்று யாராவது கீழே வந்து சொல்வார்கள். தெரியும். பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நான் பூட்டியதில்லை, கழுத்துப்பட்டை கம்பியில் மாட்டும் என்று அதைக் கழற்றிவிட்டுத்தான் விடுவேன், அக்னி நட்சத்திரத்தில் பூட்டுவதே இல்லை.

இவ்வளவும் வீட்டு ஓனருக்குப் பயந்துதான் செய்தேன். காலி செய்யும்போது அட்வான்ஸில் பத்தாயிரத்தைப் பிடித்துக்கொண்டார், "நாய் வாடை"யாம். கடல் காற்றில் உப்புப் பூத்து உதிர்ந்த சுவருக்கு அவர் ஆறு வருடமாகச் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை, அது யார் வாடை? இதைக் கேட்டால் நான் வாயாடி.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையேறிய ராத்திரி. கரண்ட் இல்லை, பக்கத்து வீட்டுத் தகரம் தடதடவென்று அடித்தது. சங்கராவைத் தேடினால், யாரும் சொல்லாமலே கூண்டுக்குள் சுருண்டிருந்தான். மாமியார் கம்பி வழியாகக் கையை உள்ளே விட்டு அவன் காதைத் தடவிக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

இப்போது கூண்டுக்குக் கதவே கிடையாது. கழற்றியதை மாமியார் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், இரண்டு செங்கல் மேல் வைத்து, வேட்டி விரித்து வடகம் பிழிகிறார். காக்காய் வராமல் காவலுக்குச் சங்கரா.