பாரிஸில் படிக்கப் போகிறீர்களா? ஓவியத்துக்கும் சினிமாவுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்

மாட்டுங்காவில் வளர்ந்தவள் நான். பாரிஸில் இரண்டு வருடம் முதுகலை படித்துவிட்டு மும்பைக்கே திரும்பி வந்தேன். இந்த வருடம் அங்கே போகும் நம் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

சயான் மாணவர்: அக்கா, கையில் காசு குறைவு. மியூசியம், சினிமாவெல்லாம் கட்டுப்படியாகுமா?

ஆகும் தம்பி. உனக்கு 26 வயது ஆகவில்லை என்றால், நீண்டகால மாணவர் விசாவைக் காட்டினால் போதும். லூவர், ஓர்சே, ஒராஞ்ஜெரி, கிமே என்று அரசு மியூசியங்களின் நிரந்தரத் தொகுப்பைக் காசில்லாமல் பார்க்கலாம். டிக்கெட் காசு வீணாகுமே என்ற கவலை இல்லாததால், அரை மணி நேரம் இருந்துவிட்டு மனநிறைவோடு வெளியே வரலாம். எனக்கு ஓவியம் பழகியதே அப்படித்தான். செவ்வாயன்று லூவர், ஒராஞ்ஜெரி, கிமே மூடியிருக்கும். ஓர்சேவுக்குத் திங்கள் விடுமுறை.

முலுண்ட் மாணவி: ஒரே நாளில் லூவர், ஓர்சே, மாலையில் ஒரு படம். முடியுமா?

முடியும், ஆனால் இரவு படுக்கும்போது ஒன்றும் நினைவில் நிற்காது. நான் திரும்பத் திரும்பப் போன வழி இது. காலையில் ஆசியக் கலை மியூசியமான கிமே. அங்கே 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் நடராஜர் இருக்கிறார். ஊர் ஏக்கம் தாங்காத முதல் குளிர்காலத்தில் அவர் முன்னால் நின்று அழுதிருக்கிறேன். நம் சாமியை இவ்வளவு தூரத்தில், பூவும் விளக்கும் இல்லாமல் பார்ப்பது சாதாரண விஷயமில்லை.

அப்புறம் ட்ரோகதேரோ வரை நடந்து, 6-ஆம் எண் மெட்ரோவில் பெர்சி பக்கம் ஏறு. இடப்பக்கம் உட்கார், வண்டி சேன் ஆற்றைக் கடக்கும்போது ஈஃபில் கோபுரம் தெரியும். பெர்சியில் இறங்கினால் சினிமாத்தேக். 1936-இல் தொடங்கிய திரைப்படக் காப்பகம் அது. இப்போதைய கட்டடம் ஃபிராங்க் கெரி வடிவமைத்தது. பழைய படங்களைப் பெரிய திரையில் போடுவார்கள். ஒரு படம் போதும்.

ஓவியத்துக்கு மட்டும் நேரம் இருக்கிற நாளில் ஒராஞ்ஜெரி போ. பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குளங்கள், எட்டு பெரிய ஓவியங்கள், இரண்டு நீள்வட்டக் கூடங்களில் சுவரோடு வளைந்து நிற்கும். அவர் இறந்த மறுவருடம், 1927-இல் திறந்தார்கள். வெளிச்சம் மேலிருந்து வருவதால் மேகம் கடந்தால் தண்ணீரின் நிறமே மாறும். நடுவில் உட்கார இடம் உண்டு. உட்கார்ந்துவிடு.

டோம்பிவிலி மாணவர்: என் பிரெஞ்சு அரைகுறை. படம் புரியுமா?

அறிவிப்பில் 'வீஓ' என்று இருக்கிறதா பார். மூல மொழியிலேயே ஓடும், கீழே பிரெஞ்சு வரிகள் வரும். 'வீஎஃப்' என்றால் பிரெஞ்சில் டப்பிங். முதல் மாதம் இது தெரியாமல் ஓர் ஆங்கிலப் படத்தை முழுக்கப் பிரெஞ்சில் கேட்டுவிட்டு வந்தேன். ஆங்கிலப் படத்தை 'வீஓ'வில் பார்த்தால் காது ஆங்கிலம் கேட்கும், கண் பிரெஞ்சு படிக்கும். மொழி அப்படியும் ஏறும். சோர்போன் பல்கலைக்கழகம் பக்கம் ஷாம்போலியோன் தெருவில் பழைய படம் போடும் சின்னத் தியேட்டர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன.

செம்பூரிலிருந்து ஒரு அம்மா: இதிலெல்லாம் இறங்கினால் படிப்பு கெடாதா?

வாரத்தில் ஒரு நாள்தானே அம்மா. அறையில் தனியாக அடைந்து கிடப்பதுதான் பிள்ளைகளை உடைக்கிறது. உங்கள் மகள் போகட்டும்.

சயான் மாணவரே மீண்டும்: கிளம்ப இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இங்கேயே பழகலாமா?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்கேட்டில் இறங்கி ஜஹாங்கீர் ஆர்ட் கேலரிக்கு நடந்து போ. நுழைவு இலவசம். ஒரே ஓவியத்தின் முன் பத்து நிமிடம் நின்று பார். என்ன தோன்றியது என்று எனக்கு எழுது.