‘வாங்கினேன்’ என்று சொல்ல வந்து ‘பாரோ’வில் மாட்டிக்கொள்பவர்களுக்கு

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து நான் அதிகம் திருத்திய வினைச்சொல் எது என்று கேட்டால், யோசிக்காமல் ‘பாரோ’ (borrow) என்பேன். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பாரோ, லெண்ட் (lend) இரண்டுமே கடன்தானே? எது எப்போது என்று ஒவ்வொரு தடவையும் குழம்புகிறது.

பதில்: குழம்பாவிட்டால்தான் ஆச்சரியம். தமிழில் ‘கடன்’ நகராமல் அப்படியே நிற்கும், பின்னால் வருகிற வாங்கினேன், கொடுத்தேன் மட்டும் மாறும். ஆங்கிலத்தில் அப்படி வால் கிடையாது, சொல்லே மாறிவிடும். கை நீட்டி வாங்குகிறவர் செய்வது பாரோ, எடுத்துக் கொடுக்கிறவர் செய்வது லெண்ட். அதனால் ‘ஐ பாரோட் ஹிம் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்’ என்று சொல்லி, கொடுத்தவர் நீங்கள் என்று புரிந்துகொள்வார்கள் என எதிர்பார்க்காதீர்கள். கொடுத்திருந்தால் ‘ஐ லென்ட் (lent) ஹிம்’, வாங்கியிருந்தால் ‘ஐ பாரோட் ஃப்ரம் ஹிம்’. அந்த ‘ஃப்ரம்’ முக்கியம், அதை விட்டால் வாக்கியம் நொண்டும்.

இன்னொன்று. நமக்குப் பணம் என்றால் கடன், புத்தகம், குடை என்றால் இரவல், சாயங்காலமே திருப்பித் தருகிறேன் என்று வாங்குகிற ஐநூறு ரூபாய்க்குக் கைமாத்து. இப்படிப் பொருளைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறோம். ஆங்கிலம் பொருளைப் பார்ப்பதில்லை, எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் பார்க்கிறது. மூன்றுக்கும் பாரோதான்.

கேள்வி: நண்பன் பைக்கை வாங்கிக்கொண்டு வந்தேன் என்பதற்கு ‘ஐ பாட் மை ஃப்ரெண்ட்ஸ் பைக்’ சரியா?

பதில்: காசு கொடுத்து ஆர்.சி. புத்தகத்தில் பெயரும் மாற்றிவிட்டீர்கள் என்றால் சரி. என்னிடம் படித்த ஒரு பையன், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேலாளரிடம் இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறான். அவர் கை கொடுத்து வாழ்த்திவிட்டு, என்ன விலைக்கு முடிந்தது என்று கேட்டாராம். இவன் பெட்ரோல் விலையைக் கேட்கிறார் என்று நினைத்து நூறு ரூபாய் என்றிருக்கிறான்! நம் ‘வாங்கு’ விலைக்கு வாங்கினாலும் இரவல் வாங்கினாலும் அடி வாங்கினாலும் ஒன்றுதான், கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. திருப்பித் தரப்போகிறீர்கள் என்றால் ‘பாரோட்’. வாடகை கொடுத்து எடுத்தால் அதுவும் பாரோ இல்லை, ‘ரென்ட்’.

கேள்வி: ‘பாரோ மீ யுவர் பென்’ என்று சொல்லலாமா? ‘கிவ் மீ யுவர் பென்’ போதாதா?

பதில்: முதலாவது தப்பு. அமெரிக்காவில் சில வட்டாரங்களில் அப்படிப் பேசுகிறவர்கள் உண்டுதான், ஆனால் நேர்முகத் தேர்வில் அந்தக் கதையெல்லாம் எடுபடாது. இரண்டாவது இலக்கணப்படி சரி, காதுக்குத்தான் அதட்டல். தமிழில் ‘பேனா குடுங்க’ என்றால் அந்த ‘ங்க’விலேயே மரியாதை வந்துவிடும், ஆங்கிலத்தில் அதற்கு ஈடு இல்லை என்பதால் கேள்வியாக்கிக் கேட்க வேண்டியிருக்கிறது. ‘கேன் ஐ பாரோ யுவர் பென்?’ என்பது போதும், வங்கியில் முன்பின் தெரியாதவரிடம் கேட்டால் ‘கேன் ஐ’ என்பதை ‘குட் (could) ஐ’ என்று மாற்றித் தொடங்குங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கினால்? அதே சர்க்கரையைத் திருப்பித் தர முடியாதே.

பதில்: அருமையான கேள்வி. ‘கேன் ஐ பாரோ எ கப் ஆஃப் சுகர்?’ என்று அங்கேயும் தாராளமாகக் கேட்பார்கள். அதே சர்க்கரை இல்லை, அதே அளவு சர்க்கரை. என் அம்மா டம்ளரால் அளந்து வாங்கி, திருப்பும்போது அதே டம்ளரில் கொஞ்சம் கோபுரமாகவே கொடுப்பார். இதற்குத் தமிழில் பழைய பெயரே இருக்கிறது: குறியெதிர்ப்பை. வறியவர்க்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்ற கொடையெல்லாம் குறியெதிர்ப்பை மாதிரி என்கிறது 221ஆம் குறள், அதாவது அளந்து கொடுத்து அளந்து திரும்பப் பெறுவது. ஆனால் டிஷ்யூ பேப்பருக்கு பாரோ போட்டால், திருப்பித் தர வேண்டாம் என்று கேலி செய்வார்கள். அதற்கு ‘கேன் ஐ ஹேவ்’ போதும்.

கேள்வி: விருந்தினராகப் போன வீட்டில் பாத்ரூமுக்கு?

பதில்: ‘யூஸ்’. இருந்த இடத்தைவிட்டு எடுத்துக்கொண்டு போக முடியாததைப் பொதுவாக பாரோ செய்வதில்லை. சார்ஜர், குடை, ஏணி எல்லாம் பாரோ.

கேள்வி: ‘ஐ பாரோட் எ லோன் ஃப்ரம் த பேங்க்’ என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள்.

பதில்: குறைத்தது நியாயம்தான். பாரோ செய்வது பணத்தை, லோனை அல்ல. ‘ஐ பாரோட் மனி ஃப்ரம் த பேங்க்’ அல்லது ‘ஐ டுக் எ லோன்’. வெளிநாட்டுக்காரர்கள் நடுவில் ஓர் ‘அவுட்’ சேர்த்து ‘டுக் அவுட் எ லோன்’ என்பார்கள், நம் ஊரில் அது இல்லாமலே ஓடுகிறது, ஓடட்டும்.

கேள்வி: மேலாளர் ‘கேன் ஐ பாரோ யூ ஃபார் எ மினிட்?’ என்றார். என்னை எப்படிக் கடன் வாங்குவது?

பதில்: ஒரு நிமிஷம் இப்படி வாங்க என்கிறார், அவ்வளவுதான். எழுந்து போங்கள். ஒரு நிமிஷத்தில் திரும்பி வருவீர்கள் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

கேள்வி: கழித்தல் கணக்கில் பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்குகிறோமே, அதுவும் பாரோவா?

பதில்: அதேதான். 52இல் 27ஐக் கழிக்கும்போது 2 போதாமல் பக்கத்து 5இடம் ஒரு பத்தை வாங்கி 12 ஆக்குகிறோம், 5 பாவம் 4 ஆகிறது, விடை 25. வாங்கியதை யாரும் திருப்பித் தருவதில்லை என்பதால் இந்தச் சொல்லே பொருந்தாது என்று ‘ரீகுரூப்’ என மாற்றிக்கொண்ட ஆசிரியர்கள் உண்டு. மொழிகள் சொற்களை வாங்குவதும் இதே ரகம்தான். நம் கட்டுமரத்தை, சுருட்டை, மிளகுத்தண்ணீரை ஆங்கிலம் வாங்கிப் போனதை ‘பாரோட் வேர்ட்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள்.

கேள்வி: இறந்தகாலத்தை ‘பாரோவெட்’ என்று உச்சரிக்கலாமா?

பதில்: வேண்டாம். ‘பாரோ’வுக்குப் பின்னால் மெல்லிய ‘ட்’ மட்டும், நடுவில் ‘வெ’ எங்கிருந்தும் வராது. எழுதும்போது முதல் உயிரெழுத்து ஓ, அந்த இடத்தில் யூ போட்டால் முயல் தோண்டுகிற வளை ஆகிவிடும்.