புகையே படாத செம்மறிக்கு நுரையீரல் புற்றுநோய் எப்படி வருகிறது?

"ஆட்டுக்கு வைரஸால் நுரையீரல் புற்றுநோய் வருமாமே, உண்மையா? உள்ளே என்னதான் நடக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். கால்நடை மருத்துவம் படித்தபோது இதைக் கேட்டு நாங்களும் சிரித்தோம். அப்புறம் ஆசிரியர் ஒரு வீடியோ போட்டார். செம்மறியின் பின்னங்கால்களைத் தூக்கித் தலையைத் தாழ்த்திப் பிடிக்கிறார்கள். மூக்கிலிருந்து நுரையும் நீருமாக ஒழுகி, கீழே வைத்த குவளையில் சேர்கிறது. சிரிப்பு அடங்கிவிட்டது.

நோயின் பெயர் யாக்சீக்ட. தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழிச் சொல். 'யாக்' என்றால் துரத்துவது, 'சீக்ட' நோய். நாய் துரத்தி வந்தது போல, நின்ற இடத்திலேயே ஆடு இரைக்கும்.

காரணம் ஜே.எஸ்.ஆர்.வி. (யாக்சீக்ட செம்மறி ரெட்ரோவைரஸ்). ரெட்ரோவைரஸ் என்பது, தன் மரபணுவைச் செல்லின் டிஎன்ஏவிலேயே செருகிவிடும் வைரஸ். இந்த இன வைரஸ்கள் புற்றுநோய் உண்டாக்க வழக்கமாக இரண்டு வழி. ஒன்று, செல்லின் வளர்ச்சி மரபணுவைத் திருடித் தன்னோடு சுமப்பது. 1911-இல் பெய்டன் ரவுஸ் கோழியில் கண்ட வைரஸ் அந்த ரகம். இன்னொன்று, அப்படிப்பட்ட மரபணுவின் பக்கத்தில் போய்ச் செருகிக்கொண்டு அதை முடுக்கிவிடுவது.

ஜே.எஸ்.ஆர்.வி.க்கு இந்த வேலையெல்லாம் தேவையில்லை. அதன் உறைப் புரதமே போதும். வைரஸ் வெளியிலிருந்து வரும்போது, செல்லின் மேலுள்ள ஹையால்2 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு நுழைய உதவுவது இந்த உறைதான். நுழைந்த பிறகு செல்லே அதைத் தயாரிக்கிறது. அதன் வால் செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் நாலே அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு, டைரோசினில் தொடங்கி மெத்தியோனினில் முடிவது. அதனால் செல்லின் வளர்ச்சிக்குச் சைகை கடத்தும் பிஐ3கே-ஏகேடி, ராஸ்-இஆர்கே பாதைகள் விழித்துக்கொள்ள, செல்லுக்கு 'பெருகு, சாகாதே' என்ற உத்தரவு ஓயாமல் போகிறது. முழு வைரஸ் இல்லாமல் உறை மரபணுவை மட்டும் எலிகளுக்கும் பிறகு ஆட்டுக்குட்டிகளுக்கும் நுரையீரலில் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி வந்தது.

நுரையீரல் மட்டும் ஏன்? ஹையால்2 பல உறுப்புகளில் உண்டு. ஆனால் வைரஸ் மரபணுவின் சுவிட்ச், காற்றறைகளின் இரண்டாம் வகை செல்களிலும் சிறு மூச்சுக்குழாய்களின் கிளப் செல்களிலும்தான் நன்றாக வேலை செய்யும். அவை இயல்பிலேயே திரவம் சுரப்பவை. கட்டியான பிறகும் சுரப்பை விடுவதில்லை. குவளையில் சேர்ந்தது அதுதான். அதில் வைரஸும் நிறைய இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். செம்மறியின் மரபணுத் தொகுதியிலேயே இந்த வைரஸின் பழைய பங்காளிகள் குறைந்தது 27 பிரதிகளாகக் குடியிருக்கின்றன. அவற்றின் உறைப் புரதத்தில் அந்த நாலு அமினோ அமிலத் துண்டு கிடையாது. தொந்தரவும் இல்லை, நஞ்சுக்கொடி வளர அவை வேண்டும் என்றுகூடக் கண்டிருக்கிறார்கள். ஆனால் பிறவியிலேயே பழகிய முகம் என்பதால், நோய் தரும் வைரஸ் வந்தாலும் எதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்வதில்லை. எதிர்ப்புப் புரதம் பெரும்பாலும் உருவாவதே இல்லை. அதைத் தேடும் ரத்தப் பரிசோதனை அதனால் உதவாது, தடுப்பூசியும் இல்லை. 1933-இல் ஜெர்மனியிலிருந்து வந்த கரகுல் ஆடுகளோடு நோய் புகுந்த ஐஸ்லாந்து, மந்தை மந்தையாக வெட்டித்தான் 1952-க்குள் அதை ஒழித்தது.

க்ளோனிங்கில் பிறந்த புகழ்பெற்ற செம்மறி டாலியை 2003 பிப்ரவரியில் கருணைக்கொலை செய்ததும் இதே நோயால்தான். க்ளோனிங்தான் கொன்றது என்று இன்றும் வாட்ஸ்அப்பில் வருகிறது. டாலி வளர்ந்த ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் சாதாரணமாகப் பிறந்த ஆடுகளுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது.