போனை வைத்துவிட்டுப் போன பையன்

வணக்கம் சார்,

நாங்கள் கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ்தான். பையனுக்குப் பதினான்கு வயது, ஒன்பதாவது. போன மாதம் ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறேன் என்று கிளம்பியவன், வேலந்தாவளம் வழியாகப் போகிற கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டான். புத்தகங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் பையில் இரண்டு சட்டை வைத்திருக்கிறான். போன் வீட்டிலேயே கிடந்தது. போலீஸ் ஸ்டேஷனில் நாளைவரை பாருங்கள் என்றார்கள். மறுநாள் ஈரோடு ரயில் நிலையத்தில் ரயில்வே பாதுகாப்புப் படையினர் பார்த்துக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தார்கள். கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தோம். ஞாயிற்றுக்கிழமை போன் பார்த்ததற்கு அவன் அப்பா அடித்தார், அதனால்தான் போனான். இப்போது போனைப் பிடுங்கிவிட்டோம். இந்த ஜூனில்தான் தமிழ் மீடியத்திலிருந்து பாலக்காட்டில் பெரிய பள்ளிக்கு மாற்றி, வருஷ ஃபீஸும் கட்டினோம். அங்கேயே ஹாஸ்டலில் போட்டால் அடங்குவான் என்கிறார் அவர். செய்யலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

போனுக்காகப் போகிறவன் போனை வைத்துவிட்டுப் போவானா? அடி வாங்கிய கோபம் என்றால் அன்று ராத்திரியே மாமா வீட்டுக்கோ சிநேகிதன் வீட்டுக்கோ போயிருப்பான். இவன் ராத்திரி வீட்டில் தூங்கி எழுந்து, புத்தகத்தை ஒளித்து, சட்டையை எடுத்து வைத்து, சரியாகப் பள்ளிக்கூட நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறான். அதுவும் திங்கட்கிழமை. எனக்கென்னவோ பள்ளிக்கூடத்தின் மேல்தான் சந்தேகம்.

ஜூனில் பள்ளி மாற்றியதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருஷம் தமிழில் படித்தவன் திடீரென்று மலையாளத்திலேயே சிரித்துப் பேசுகிற வகுப்பில் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எல்லைப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும். தமிழர்களைக் கேலி செய்கிற ‘பாண்டி’ என்ற பெயரால் கூப்பிட்டிருப்பார்கள். நாமெல்லாம் அதைச் சிரித்துக் கடந்துவிடுவோம், பதினான்கு வயதில் முடியாது. இது என் ஊகம்தான். காசு கேட்டு மிரட்டுகிற பெரிய பையனாக இருக்கலாம், மார்க்காக இருக்கலாம், வெளியே சொல்லக் கூசுகிற தொந்தரவாகவும் இருக்கலாம். அவனைத்தான் கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அவன் சொன்னதாக ஒரு வார்த்தைகூட இல்லையே!

“ஏன்டா போனே” என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டான். ஈரோட்டில் ராத்திரி என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான் என்று விசாரியுங்கள். அதைச் சொல்ல ஆரம்பித்தால் மற்றதும் வரும், ஒரே நாளில் வராது. அடித்தது தப்பு என்று அவன் அப்பா ஒரு வார்த்தை சொன்னால் ரொம்ப நல்லது (நம் வீட்டு ஆண்களுக்கு அது லேசில் வராது, இருந்தாலும் சொல்லிப் பாருங்கள்). சொந்தக்காரர்கள் முன்னால் இந்தக் கதையை எடுக்கவே வேண்டாம். ஒருமுறை போனவனுக்கு வழி தெரியும். இந்த முறை நல்லவர்கள் கண்ணில் பட்டான். ரயில் நிலையங்களில் வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்களும் திரிகிறார்கள்.

ஹாஸ்டல் வேண்டாம். பகலில் இருக்க முடியாமல் ஓடிய இடத்தில் ராத்திரியும் இரு என்பதா? பழைய பள்ளிக்கே போகிறேன் என்றால் அனுப்புங்கள். கட்டிய ஃபீஸ் போனால் போகட்டும்.

குழுவில் கையெழுத்துப் போட்டதைப் பற்றிக் கலங்காதீர்கள். தனியாகக் கண்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் அங்கே கொண்டுபோக வேண்டும் என்பது 2015ஆம் வருஷச் சட்டம். அவன் மேல் எந்தக் கேஸும் இல்லை.

நாளைவரை பாருங்கள் என்று ஸ்டேஷனில் சொன்னதுதான் தப்பு. பதினெட்டு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை காணவில்லை என்றால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லியிருக்கிறது. கேரளாவா தமிழ்நாடா என்ற கேள்விக்கும் இடமில்லை. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்பலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் அப்போதே கூப்பிட்டிருக்கலாம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பிள்ளைகளே கூப்பிட்டுப் பேசத்தான் அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள், அதையும் பையனிடம் சொல்லுங்கள். பிடுங்கிய போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு.