கேரட் ஏன் கசந்தது?

கேள்வி: வாரம் ஒரு முறைதான் காய்கறி வாங்க நேரம் கிடைக்கிறது. வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி, பழங்களோடு சேர்த்து ஃபிரிட்ஜின் கீழ் டிராயரில் அடுக்கிவிடுகிறேன். நாலாம் நாள் பார்த்தால் கீரையும் மல்லித்தழையும் கறுத்துக் குழைந்து கிடக்கின்றன. வெள்ளரிக்காய் பிசுபிசுக்கிறது. கேரட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, வாயில் வைத்தால் கசக்கிறது. எத்திலீன் வாயுவை உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டால் ஒரு மாதம் எதுவும் கெடாது என்று விளம்பரம் செய்கிறார்கள். அதை வாங்கலாமா, இல்லை ஃபிரிட்ஜையே மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பொட்டலத்துக்குக் காசைக் கொடுக்காதீர்கள், ஃபிரிட்ஜ் மேல் பழியையும் போடாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. கேரட் கசக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. அந்த டிராயரில் ஆப்பிள் இருந்திருக்கும். ஆப்பிள் இல்லையென்றால் பேரிக்காய், அல்லது நன்றாகப் பழுத்த வேறு ஏதோ ஒன்று.

காயும் பழமும் பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கின்றன, மூச்சு விடுகின்றன. சில பழங்கள் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளியே விடும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் காய்க்கு அது எட்டும். மாங்காய்க்கு எட்டினால் பழுக்கும், அது நமக்கு லாபம். கீரைக்கு எட்டினால் மஞ்சளடிக்கும். கேரட் என்ன செய்யும் தெரியுமா? ஏதோ தாக்குதல் வந்துவிட்டது என்று எண்ணி, தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கசப்புப் பொருளை உண்டாக்கிக்கொள்ளும். அது பெரும்பாலும் தோலை ஒட்டித்தான் சேரும். கொஞ்சம் ஆழமாகத் தோல் சீவிவிட்டு ஒரு துண்டு கடித்துப் பாருங்கள். கசப்பு பாதியாகக் குறைந்திருந்தால் என் சந்தேகம் சரி.

வாயு விடுவதில் ஆப்பிள், பேரிக்காய், பப்பாளி, அவகாடோ எல்லாம் பெரிய கைகள். மாம்பழமும் வாழைப்பழமும் தக்காளியும் அடுத்த வரிசை. திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை இவற்றால் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லை, எதோடும் வைக்கலாம்.

இதைத் தெரியாமல் செய்வது நீங்கள் மட்டுமல்ல. நான் ஆலோசகராகப் போய்வந்த ஒரு குளிர்பதனக் கிடங்கில், மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆப்பிளையும் கேரட்டையும் ஒரே அறையில் ஏற்றினார்கள். சில வாரங்கள் கழித்து வாங்கியவர்களிடமிருந்து புகார் வந்தது. ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு கேரட்டை உடைத்துக் கடித்தேன். வேப்பங்கொழுந்து மாதிரி இருந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. அறைகளைப் பிரியுங்கள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். காகிதம் கோப்புக்குள் போனது, கேரட் இன்னொரு சந்தைக்குப் போனது.

சரி, கேரட்டுக்கு ஆப்பிள். கீரைக்கு? அதற்குக் காரணம் நீங்கள் கழுவிய தண்ணீர்.

கழுவி வைப்பது சுத்தம் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஈரத்தோடு உள்ளே போகும் கீரையின் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். சில பாக்டீரியாக்களுக்கு அது போதும். இலையின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசையை அவை கரைத்துவிடும். குழைந்து வழவழப்பாகிறதே, அது அந்தப் பசை கரைந்த கோலம். ஃபிரிட்ஜின் குளிர் அவற்றின் வேகத்தைக் குறைக்குமே தவிர, முழுதாக நிறுத்தாது.

ஆகவே கழுவுவதை சமைக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். வாங்கி வந்ததும் கட்டைப் பிரித்து, மஞ்சள் இலை, நசுங்கிய தண்டு, கறுத்த நுனி எல்லாவற்றையும் ஆய்ந்து எறியுங்கள். ஒரு பருத்தித் துணியின் மேல் அரை மணி நேரம் பரப்பிவையுங்கள். அப்புறம் உலர்ந்த துணியிலோ டிஷ்யூ காகிதத்திலோ தளர்வாகச் சுற்றி, டப்பாவிலோ கவரிலோ போட்டு வையுங்கள். இலைக்கு ஈரக்காற்று வேண்டும், இல்லாவிட்டால் வாடிப்போகும். ஆனால் இலைமேல் சொட்டு நிற்கக் கூடாது. காகிதம் செய்வது அந்த வேலையைத்தான். இரண்டு நாளுக்கு ஒரு முறை தொட்டுப் பாருங்கள், நனைந்திருந்தால் மாற்றுங்கள். வெயிலில் வந்த காயைச் சூட்டோடு கவரில் கட்டி உள்ளே தள்ளினாலும் இதே கதைதான்: கவருக்குள் வியர்த்து, கழுவாமலே கழுவிய மாதிரி ஆகிவிடும்.

நீங்கள் கழுவாவிட்டாலும் விற்கிறவர் கழுவித்தான் தருகிறார் என்பது என் தீராத எரிச்சல். விடிகாலையில் மொத்தச் சந்தையில் நின்று பாருங்கள். ஒரு டிரம்மில் தண்ணீர், அதில் மல்லிக்கட்டுகளை வரிசையாக முக்கி எடுத்துக் குலுக்காமல் அடுக்குவார்கள். பளபளவென்று இருக்கும், எடையும் ஏறும். அந்தத் தண்ணீருக்கு நீங்கள் காய்கறி விலை கொடுக்கிறீர்கள். அதோடு நிற்பதில்லை: காலையிலிருந்து எத்தனையோ கட்டு முங்கிய அதே தண்ணீரில் ஒரு கட்டின் அழுகல் எல்லாக் கட்டுக்கும் பரவும். வளர்த்தவர் உலர்வாகத்தான் அனுப்புகிறார். இடையில் கை மாறும் ஒவ்வொருவரும் ஒரு முறை தெளிக்கிறார்கள். கட்டின் வெளியிலையைப் பார்த்து வாங்காதீர்கள். நார் கட்டியிருக்கும் இடத்தில் விரலால் விலக்கி நடுவே பாருங்கள். அங்கே ஒரு இலை கறுத்து ஒட்டியிருந்தால் அந்தக் கட்டு உங்கள் வீட்டில் இரண்டு நாள் தாங்காது. பொட்டலமாகக் கட்டிய பழமென்றால் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மேலே இருப்பது விளம்பரம், கீழே இருப்பதுதான் சரக்கு. பிரித்துப் பார்க்கக் கூடாது என்று சொல்கிற கடையில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது அந்தப் பொட்டலம். பெரும்பாலும் அதற்குள் இருப்பது பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய சிறு உருண்டைகள். எத்திலீனைப் பிடிக்கும் என்பது பொய்யில்லை. பிடிக்கப் பிடிக்க ஊதா நிறம் பழுப்பாக மாறும். பழம் ஏற்றிப் பல நாள் மூடிக் கிடக்கும் கப்பல் கன்டெய்னரில் இதற்கு நல்ல வேலை இருக்கிறது. ஒரு நாளில் பத்து முறை திறக்கும் வீட்டு டிராயரில் என்ன இருக்கிறது? உங்களுக்கு வந்திருப்பது மூன்று நோய்: வாயு, ஈரம், குளிர். அது ஒன்றுக்கு மட்டும் மருந்து. அந்த ஒன்றுக்கும் ஆப்பிளை எடுத்து வேறு தட்டில் வைத்தால் போதும், செலவில்லை. நிறம் மாறுவது தெரியாதபடி வெள்ளை உறைக்குள் தைத்து விற்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வியாபாரம். காலாவதியானது உங்களுக்குத் தெரியவே தெரியாது. 'காய்கறி கழுவும் திரவம்' விற்பவர்களும் இதே குடும்பம்தான். சோப்புக் கலவையை இலையும் தோலும் உறிஞ்சிக்கொள்ளும். ஓடும் குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் போதும், உண்பதற்கு முன்பு.

மூன்றாவது நோய் வெள்ளரிக்காயுடையது. அதற்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில நாள் கிடந்தால் தோலில் சின்னச் சின்னக் குழி விழும், நீர் கோத்தது போல ஆகும், அதன் மேல் கிருமி ஏறும், பிசுபிசுக்கும். கத்தரிக்காய், சர்க்கரைவள்ளி, தக்காளி, வாழை எல்லாம் இந்த வகை. வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே போனாலே ஆகாது. வெள்ளரியை மேல்தட்டின் முன்பக்கத்தில், குளிர் குறைந்த இடத்தில் வைத்து மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

வாழையையும் தக்காளியையும் ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது என்று படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை, அந்தப் பாதியால் எவ்வளவு பழம் குப்பைக்குப் போகிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. விதி பழுக்காத காய்க்குத்தான். செங்காயாக இருக்கும் தக்காளியைக் குளிரில் வைத்தால் அது அப்படியே முடங்கிவிடும், வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. ஆனால் வெளியே வைத்து முழுதாகப் பழுத்துவிட்டது, நாளைக்குள் தின்று தீராது என்றால் தாராளமாக உள்ளே வையுங்கள். வாசனை கொஞ்சம் குறையும், அழுகுவதைவிடத் தேவலை. வாழைப்பழமும் அப்படியே. தோல் கறுக்கும். சில நாளில் கன்னங்கரேலென்று ஆகிவிடும். பயப்படாதீர்கள், கறுப்பது தோல் மட்டும்தான். உரித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பழம் கறுத்துவிட்டது என்று ஒரு சீப்பை அப்படியே தூக்கி எறியப் போனார்கள். நான் பிடித்து வைத்து ஒன்றை உரித்துக் கொடுத்தேன். 'நல்லாத்தானே இருக்கு' என்று அவர்களே தின்றார்கள். பச்சைக்காயாக வைக்காதீர்கள், பழுத்த பின் வையுங்கள். விஷயம் அவ்வளவே.

வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஃபிரிட்ஜுக்கு வெளியே, இருட்டில், காற்றோட்டமாக, ஆனால் தனித்தனியாக. உருளையின் ஈரம் வெங்காயத்தை அழுக வைக்கும். நன்றாகப் பச்சை பாரித்த உருளையை எறிந்துவிடுங்கள்.

உங்களிடம் 'ஃபிரிட்ஜ் சரியில்லை' என்று யாராவது சொல்லியிருந்தால் அது இயந்திரம் விற்பவராகத்தான் இருக்கும். உங்கள் ஃபிரிட்ஜில் 1 முதல் 5 வரை எண் போட்ட குமிழ் ஒன்று இருக்கும். 3 என்றால் எத்தனை டிகிரி? செய்தவர்கள் சொல்லமாட்டார்கள். டிராயரின் ஓரத்தில் தள்ளுகிற சின்னக் கதவு ஒன்று சில மாடல்களில் உண்டு. அதை மூடினால் உள்ளே ஈரம் தங்கும், அது இலைக்கு; திறந்தால் வாயு வெளியேறும், அது பழத்துக்கு. ஒரு இலைப்படமும் ஒரு ஆப்பிள்படமும் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். காய்கறிப் பொட்டலத்தில் கட்டிய தேதி இருக்கும், பறித்த தேதி இருக்காது. ஆப்பிள், ஆக்சிஜன் குறைத்த கிடங்கில் பல மாதம் இருந்துவிட்டு வரலாம். அது மோசடி இல்லை, நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் வெளியே வந்த பிறகு அதற்கு ஆயுள் குறைவு என்பதை வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டாமா?

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில். இதைக் காட்டி வீட்டுக்காரர்களுக்கு உபதேசம் செய்வது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது. அறுவடைக்கும் கடைக்கும் நடுவே தொலைவது அந்தக் கணக்கிலேயே வராது. வழியில் பாதி உயிர் போன கீரை உங்கள் கைக்கு வந்து நாலு நாளில் செத்தால் குற்றம் முழுக்க உங்களுடையதா?

வீடியோக்களில் வரும் இரண்டு யோசனைகளை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவகாடோவைத் தண்ணீரில் முக்கி வைப்பது ஒன்று. தோலில் இருக்கும் கிருமி அந்தத் தண்ணீரில் பெருகி உள்ளேயும் போகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இலேயே எச்சரித்தது. பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைப்பது இன்னொன்று. காற்றுப் படாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் விஷத்தை உண்டாக்கும் கிருமி வளரும். நிறமோ நாற்றமோ காட்டிக்கொடுக்காது.

இன்று செய்ய வேண்டியது: டிராயரைக் காலி செய்து, துடைத்து, உலர்த்துங்கள். ஆப்பிளை மேல்தட்டுக்கு மாற்றி ஒரு கவரில் வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை நிறுத்தி நடுத்தட்டில் இரவு முழுக்க விடுங்கள்; உடம்புச் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, சமையலுக்கு விற்பதை வாங்குங்கள். காலையில் 4 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் குமிழை ஒரு எண் குளிர் பக்கம் திருப்பி, மறுநாள் காலை திரும்பவும் பாருங்கள்.